உள்வயலுக்கு விட்ட வழி

எங்கள் வயல் வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்வயல். அது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தங்கச்சியுடையது. கூடப் பிறந்தவள் இல்லை, கோயிலில் அப்படித்தான் கூப்பிடுவோம். உள்வயலுக்கு அறுப்பு மிஷின் போக வேறு வழி கிடையாது. எங்கள் முன்வயலை அறுத்து முடித்த பிறகு அதன் மேல்தான் போக வேண்டும்.

ஒரு தை மாதம், கடல் பக்கம் மேகம் கருத்துக் கிடந்தது. ஊருக்கு ஒரே ஒரு மிஷின் கிடைத்தது. அதுவும் வந்த அன்றே சாயங்காலம் மாயவரம் பக்கம் போயாக வேண்டும். தங்கச்சியின் புருஷன் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவள் கதிர் அப்போதே தலை சாய்ந்துவிட்டது. என்னுடையது நின்றது. வருஷத்துச் சோறு, அடுத்த விதை, குத்தகை எல்லாம் எனக்கு அதில்தான்.

அன்று காலையில் முட்டி போட்டு ஜெபத்தில் இருந்தேன். அவளுக்கு முதலில் விடு என்று உள்ளே வந்தது. காதில் கேட்கிற சத்தம் இல்லை. முன்பும் வந்திருக்கிறது. ஒருமுறை காரணம் தெரியாமல் ஒருவர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் தனியாகக் காய்ச்சலில் கிடந்தார். அதனால் நம்பினேன்.

மிஷின் ஓட்டுகிறவன் சிரித்தான்.

“முன்னாடி நிக்கிறத விட்டுட்டுப் பின்னாடி அறுக்கச் சொல்றீங்க. காலையிலயே போட்டுட்டீங்களா பெரியவரே?”

“நடுவுல ஒரு பட்டை மட்டும் அறுத்துக்கிட்டு உள்ள போப்பா. திரும்பி வர்றப்ப மீதிய அறுத்துக்கலாம்.”

“உங்க நெல்லு, உங்க இஷ்டம்.”

உள்வயல் முடிந்தது. அவள் நெல்லை ஏற்றிய டிராக்டர் ரோடு ஏறியபோது தூறல் விழுந்தது. மிஷின் என் வயலில் திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

“இனிமே முடியாதுங்க. பெல்ட் வண்டின்னா பாக்கலாம். இது டயர் வண்டி, பொதைஞ்சுடும்.” போய்விட்டான்.

மழை விடவில்லை. அறுத்த பட்டைக்குள் இரண்டு பக்கத்துக் கதிரும் சரிந்து விழுந்தது. தண்ணீரிலேயே முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே கொட்டினார்கள்.

என் சம்சாரம் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: “கர்த்தர் பேசினார்னீங்களே. மழை வரும்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா கொறஞ்சா போயிடுவாரு?”

நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் விளைந்ததைப் பீடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். தங்கச்சி ஒரு மூட்டை நெல் வைத்தாள். சாட்சி சொல்ல எழுந்தாள்.

“அழுது ஜெபம் பண்ணேன். கர்த்தர் மிஷினை என் வயலுக்கு நேரா அனுப்பினாரு. ஒரு மணி நெல்லும் நனையல.”

அல்லேலூயா என்றார்கள். என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “வழி விட்டது யாராம்?” என்றாள். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். யாரும் திரும்பவில்லை. அந்த வருஷம் நாங்கள் ஒரு பூசணிக்காய் வைத்தோம்.

வெளியில் வந்ததும் தங்கச்சி என்னிடம் வந்தாள்.

“அண்ணே, உங்களுக்காகவும் ஜெபம் பண்றேன். விசுவாசத்துல எங்கயோ கொறை இருக்குண்ணே. இல்லேன்னா அவர் கைவிட மாட்டாரு.”

கேலி இல்லை. நிஜமாகவே சொன்னாள். கண்ணில் தண்ணீர் இருந்தது.

“சரிம்மா” என்றேன்.

போன தையில் மறுபடி மிஷின் வந்தது. அவள் புருஷன் தேறி வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் கதிர் மறுபடியும் சாய்ந்திருந்தது. ஓட்டுகிறவன் முதலில் எந்த வயலில் இறக்க என்று கேட்டான். கொஞ்சம் இருப்பா என்றேன். துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு நின்றேன். உள்ளே ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன்.

“பெரியவரே, டீசல் எரியுது.”

என் வயலை முதலில் அறுக்கச் சொன்னேன். அன்று மழையும் வரவில்லை.