சபியா டீச்சர் காலி செய்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தார் நாச்சிமுத்து அண்ணன். கோவையில் எங்கள் தெருச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். இப்போது மகன் வீட்டோடு ஈரோட்டில் இருக்கிறார்.

ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே கேட்டார். “ஏனுங்க அம்மணி, அந்த டீச்சரம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமுங்களா?”

நான் பிசைந்த சோற்றை இலை ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

சபியா டீச்சர் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வாடகைக்கு இருந்தவர். அவரும் வயதான அம்மாவும் மட்டும்தான். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் கணக்கு நோட்டோடு அங்கேதான் கிடப்பார்கள். என் மகள் கணக்கில் பாஸானது அவர் புண்ணியம்.

போன வருஷம், தொண்ணூற்றெட்டுத் தொடக்கத்தில், கோவை கிடந்த கிடப்பு உங்களுக்குத் தெரியும். கலவரம், குண்டு, பூட்டிக் கிடந்த கடைகள்... ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் சங்கக் கூட்டம் போட்டார்கள். யாரோ ஆரம்பித்தார்.

“நமக்கெதுக்குங்க வம்பு? டீச்சரம்மாவ அவங்க ஆளுங்க பக்கமா வீடு பாத்துக்கச் சொல்லீரலாமுங்க. சரின்னா கை தூக்குங்க.”

வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். படியேறும்போதே வார்த்தைகளைக் கூட்டி வைத்திருந்தேன். முன்வரிசையில் நாலு கை எழுந்தது. பக்கத்து வீட்டம்மா தூக்கினார். நாச்சிமுத்து அண்ணன் தூக்கினார்.

நானும் தூக்கினேன்.

இதையெல்லாம் இலைக்கு முன்னால் நினைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மெதுவாகச் சொன்னார். “நான்தானுங்க போய்ச் சொன்னேன். ‘எல்லாருமேவா சொன்னாங்க?’ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன்.”

ரசம் ஓடிவிடாமல் சோற்றை அணைகட்டினார். பிறகு, “நீங்களாச்சும் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. நீங்க எந்திரிச்சிருந்தா நானும் எந்திரிச்சிருப்பேன்” என்றார்.

“நான் உங்களைப் பார்த்துத்தான் தூக்கினேனுங்ண்ணா.”

அதன்பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தப்பென்று தெரியாமலா செய்கிறோம்? நன்றாகத் தெரியும். ஆனால் பத்துப் பேர் நடுவில் தனியாக எழுந்து நிற்க ஒரு கூச்சம் வருகிறதே... மனசாட்சியை அது சுலபமாக உட்கார வைத்துவிடுகிறது.

புதன்கிழமை விசாரித்துக்கொண்டு டீச்சர் இப்போது இருக்கும் வீட்டுக்குப் போனேன். இரண்டு சின்ன அறை. மகளின் படிப்பை விசாரித்தார். டீ கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையமர்த்தினார்.

“விடுங்க. சொன்னதுக்கப்புறம் ஒரு வாரம் நான் சாமானே கட்டலீங்க. யாராச்சும் ஒருத்தர் வந்து, ‘இருங்க டீச்சர், பாத்துக்கலாம்’னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும், இருந்திருப்பேன்.”

உள்ளே கட்டிலில் அவர் அம்மா. என் குரலைக் கேட்டதும், “நம்ம தெருவுலிருந்து ஆள் வந்திருக்கா? எப்பம்மா ஊட்டுக்குப் போறோம்?” என்று மகளிடம் கேட்டார். டீச்சர் போர்வையைச் சரிசெய்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். அந்தத் தெருவில் கெட்டவர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை... அதைத்தான் தாங்க முடியவில்லை.