ஜெகநாதன் கட்டிய புடவை

பைத்தியம் என்று சொல்லாதே வெங்கடம்மா. குழாயடியில் நீ பேசியது என் காதுக்கு வந்துவிட்டது. "பொண்டாட்டி செத்து ஆறு மாசம் ஆகல, கெழவன் அவ புடவையைக் கட்டிக்கினு ஜாத்திரைக்குப் போனான். அதான் பையன் பெங்களூருக்கு இழுத்துக்கினு பூட்டான்" என்றாயாமே. செத்தவள் என் கூடப்பிறந்த தங்கை சுந்தரம்மா. அந்தப் புடவையை அவனுக்குக் கட்டிவிட்டது இந்தக் கை. பேச வேண்டியவள் நான். நீ கேள்.

ஜெகநாதனை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். புத்தூர்ப் பக்கத்துக்காரன், திருப்பதி பஸ் டிப்போவில் மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ், முகத்தில் எப்போதும் முறைப்பு. வீட்டில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை. குழம்பில் உப்பு சரியா என்பதைக்கூட என் தங்கை அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

மகன் ஹரிபாபுவுக்கு மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் திறக்கவில்லை. சுந்தரம்மா கங்கம்மா கோயிலில் போய் விழுந்து, பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் ஜாத்திரையில் என் வீட்டுக்காரர் பொம்பளை வேஷம் போடுவார் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பிளைகள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு அம்மனைப் பார்க்கப் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனாலும் அவன் குதித்தான்.

"வேண்டிக்கினவ நீ. நீயே கட்டிக்கினு போ."

"நான் தெனம் கட்டிக்கினுதான் கீறேன். அதுல அம்மாளுக்கு இன்னா புதுசு?" என்றாள் அவள்.

பிள்ளை பிழைத்தான். இவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்வந்தான். முதல் வருஷம் புடவையோடு மாடிப்படி ஏறும்போது கொசுவத்தை மிதித்து விழப் பார்த்தான். மறுநாள் காலையில், அதுவரை அவள் கீழ்க்குழாயிலிருந்து சுமந்த தண்ணீர்க் குடத்தை அவனே மாடிக்குத் தூக்கினான். அன்றிலிருந்து கடைசிவரை குடம் அவன் தோளில்தான்.

மூன்று வருஷத்தில் வேண்டுதல் தீர்ந்தது. நாலாம் வருஷம் ஜாத்திரை வந்தது. டிப்போவிலிருந்து வந்தவன் பீரோ முன்னால் நின்று, "அந்த மாம்பழக் கலர் எங்க?" என்றான். அதற்கப்புறம் முப்பது வருஷம் விடவேயில்லை. மீசையை மட்டும் எடுக்கமாட்டான். வேஷம் போட்டவன் திட்டினால் அம்மன் திட்டியதாகத்தான் கணக்கு. ஒருதரம் டிப்போ மானேஜர் எதிரில் வந்து மாட்டிக்கொண்டார். "அடேய் தொப்பையா, லீவு கேட்டா மூஞ்சியைத் திருப்புவியே, இப்பத் திருப்புடா பார்க்கலாம்!" என்றான். அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். தெருவே சிரித்தது.

ரிட்டயர் ஆனபிறகு வருஷத்தின் மற்ற நாட்களை அந்த ஒரு நாளுக்காகத்தான் கழித்தான். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதிலும் தெருவில் ஆடுவதைவிடப் புறப்படுவதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் அவனுக்குப் பெரிது. கையைத் தூக்கிக்கொண்டு சுந்தரம்மா முன்னால் நிற்பான். "திரும்பு. வயித்தை உள்ள இழு. அசையாத நில்லு." அவன் முரட்டுக் கையில் சோப்பைத் தடவி வளையலை ஏற்றுவாள். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது வாசல்வரை கேட்கும்.

போன கார்த்திகையில், காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவள் புடவைகளைச் சொந்தத்துக்குப் பிரித்துக் கொடுத்ததில் மாம்பழக் கலர் எனக்கு வந்தது. அவனோ காலையில் குடத்தை மாடிக்குக் கொண்டுவந்து வைப்பான். யாருக்கென்று கொண்டுவந்தோம் என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். தனியாக இருக்கவேண்டாம், பெங்களூர் வந்துவிடு என்றான் மகன். இவனும் சரி என்றுவிட்டான். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஜாத்திரைக்கு மறுநாள் சாமான் ஏற்ற வண்டி வருவதாக இருந்தது.

ஜாத்திரையன்று காலையில் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தப் புடவையைக் குடு."

நானும் கத்தினேன், மறைக்கமாட்டேன். "வருஷம் திரும்பல. துக்க வீட்டுல வேஷமா? அதுவும் நான் கட்டிவிடவா? தாலி அறுத்தவ பூவைத் தொடலாமா? போ, போ."

அவன் நகரவில்லை. "அவ போனதுலருந்து என்னைத் திரும்புன்னு சொல்ல ஆள் இல்லக்கா" என்றான்.

பெட்டியைத் திறந்தேன்.

அவன் வீட்டு மாடிக்கே போய்க் கட்டிவிட்டேன். கையைத் தூக்கு என்றேன், தூக்கினான். திரும்பு என்றேன், திரும்பினான். சிரிப்பு வரவில்லை, இரண்டு பேருக்கும். வளையல் சோப்பு இல்லாமலே ஏறிவிட்டது. அவ்வளவு இளைத்திருந்தான். பதினொரு வருஷமாக நான் தொடாத பூவை எடுத்து அவன் காதோரம் வைத்தேன். அம்மன் என்னைக் கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வாசலை மறித்து ஹரிபாபு நின்றான். "நைனா, ஊரே சிரிக்கும். நாளைக்கு வண்டி வருது. இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரேன்."

"மூணு வருஷம் உன் உசுருக்காகக் கட்டினேன்டா. அப்புறம் கட்டினதெல்லாம் உங்கம்மா முன்னால அந்த அரை மணி நேரம் நிக்கறதுக்காக. வழி விடு."

ஹரிபாபு அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பில் அவன் அம்மா கை துடைத்த மஞ்சள் கறை இருந்தது, அதைத்தான் பார்த்தான். பிறகு சுவரோரம் ஒதுங்கினான்.

ஜெகநாதன் அவள் சொல்லிக்கொடுத்தபடி இடது கையால் கொசுவத்தை அள்ளிப் பிடித்தான். வாசற்படியில் ஒரு காலை வைத்தவன், முப்பது வருஷப் பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"சுந்தரம், பின்னால சரியா கீதா?"

ஹரிபாபு வாயைப் பொத்திக்கொண்டான். ஜெகநாதன் திரும்பிப் பார்க்காமல் படியிலேயே நின்றான்.

"சரியா கீது. போ" என்றேன் நான்.

போனான்.