தீர்த்தம் வாங்காமல் வெளியே வந்த நாள்

என் மகள் கோதையின் இடது கையை முறித்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினான் அவள் புருஷன். கை கூடியதும் திரும்பி வரச் சொல்லி ஆளும் விட்டான். அதற்கு என் மூத்த மகனும் தலையாட்டினான். "வேல வெட்டி இல்லாம எம்புட்டு நாளைக்கும்மா இங்க வச்சிருக்க? ஐப்பசி பொறந்ததும் கொண்டு போய் விட்ருவோம்" என்றான். அப்போது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் அடிக்கிறவனிடம் போக வேண்டும்.

ராஜபாளையத்தில், பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சோறும் குழம்பும் கறியும் வரிசையாக இருக்கும். நாம் கை காட்டுவதைக் கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். கை ஓரளவு கூடியதும் அங்கே இன்டர்வியூவுக்குக் கோதை போனாள். நானும் கூடப் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

மேனேஜர் இளவட்டம். எல்லோர் முன்னாலும் புருஷன் எங்கே என்று கேட்டான். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டான். கோதை குனிந்துகொண்டே பதில் சொன்னாள். பிறகு, சாப்பிட வந்தவருக்குப் போடுவதுபோல் போட்டுக் காட்டச் சொன்னான். சோறு ஒரு கரண்டிதான் அளவு. கோதை ஒரு கரண்டி போட்டாள். கை தன்னால் போய் இன்னும் கொஞ்சம் போட்டது. எங்கள் வீடுகளில் யாருக்கும் ஒரு தரத்தோடு சோற்றை நிறுத்த மாட்டோம். அது ஆகாது. மறுதரம் ஒரு பிடியாவது வைப்போம். அதற்கு அவன் சிரித்தான்.

"இது என்ன உங்க வீட்டுக் கல்யாணப் பந்தியா? இப்படி அள்ளிப் போட்டுத்தான் குடும்பத்தையும் தொலைச்சீங்களோ?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் எழுந்து அவன் முன்னால் போனேன். "ஏலே, சோத்து முன்னால நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? ஒன்னப் பெத்தவ கேட்டா நாண்டுக்கிட்டுச் சாவா" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அந்தக் கொதிப்போடு கோதையையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஆண்டாள் முன்னால் நின்று கும்பிடவில்லை. ஏசினேன். "நீ நெனச்சவனையே கட்டிக்கிட்ட. ஒம் பேர வச்ச எம்புள்ள மட்டும் அடிக்கிறவன்கிட்டப் போகணுமா? கண்ணு இருக்கா ஒனக்கு?"

பட்டர் தீர்த்தம் கொடுக்க வந்தார். வேண்டாம் சாமி என்றேன். என் ஆயுசில் அப்படிச் சொன்னதில்லை. சேவித்த பிறகு கோயிலில் செத்த நேரம் உட்கார்ந்து எழுவது வழக்கம். அன்றைக்கு உட்காரவும் இல்லை. விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஒரு கடைக் கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆட்கள் தேவை என்று இருந்தது. அதே மாதிரிக் கடைதான், கம்பெனி வேறு. கோதை வரவே மாட்டேன் என்றாள். "வாட்டி. இவனும் சிரிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்று உள்ளே கூட்டிப் போனேன்.

ஆள் எடுப்பதற்காக மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சோறு போட்டுக் காட்டச் சொன்னார். கோதையின் கை மறுபடியும் இரண்டாம் தரம் போனது. அந்த அம்மா ஏன் அப்படி என்று கேட்டார். கோதை சொன்னாள். அவர் அளவுக் கரண்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அளவு கூடக் கூடாதும்மா. அதே அளவ ரெண்டு தரமாப் போடலாம்ல? சின்னக் கரண்டியா எடுத்துக்கோங்க."

மறுவாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். நான் அப்படியே திரும்பிக் கோயிலுக்குப் போய், கை நீட்டித் தீர்த்தம் வாங்கினேன். முதலில் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த அம்மா மதுரைக்குப் போயிருப்பார். என் கோபத்தைப் பிடித்தே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியவள் ஆண்டாள். வேறு யார்?

ஐப்பசி பிறந்தது. மருமகன் வந்து நின்றான். "அத்தை, அவள அனுப்பி வைங்க" என்றான். நான் வாய் திறப்பதற்குள் கோதை செருப்பை மாட்டினாள். "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நீங்க காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். என் மூத்தவன் காப்பி டம்ளரை எடுத்து மருமகன் கையில் கொடுத்தான்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண்டாள் தாயாரிடம் போகக் கண்ணீர்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களிடம் கோபம் மட்டும்தான் இருக்கிறதா? அதையே கொண்டுபோய் அவள் முன்னால் கொட்டுங்கள். அவள் முகம் சுளிக்க மாட்டாள். நான் அவ்வளவு ஏசியும் என் மகளை அவள் கைவிடவில்லை.