வேறொரு நோயின் வரிசையில்

லாபிரின் கைக்குப் பயப்படாதவர்கள் குறிஞ்சாக்கேணியில் இரண்டே பேர். ஒருவன் அவனைப் படைத்த இறைவன். மற்றவள் அவனுடைய ராத்தா சுபைதா.

உம்மாவும் வாப்பாவும் ஒரே தோணியில் கடலோடு போன பிறகு, இடியப்பம் பிழிந்து விற்றுத் தம்பியை ஆளாக்கியவள் அவள். மீன் ஏலத்தில் எவனுடைய தாடையையாவது உடைத்துவிட்டு அவன் வீடு வருவான். வீங்கிய முட்டிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "இந்தக் கையால ஒரு நாளைக்கு நீ அழப்போறாய்ரா" என்பாள். அவன் சிரிப்பான்.

அந்த ராத்தாவின் எலும்புக்குள் புற்றுநோய் குடியேறியது. அடிப்பதற்கு அந்த நோய்க்கு முகம் இல்லை. ஆகவே லாபிர் டொக்டரின் முகத்தில் அடித்தான்.

"இனிக் குடுக்க எங்களிட்ட மருந்து இல்லை. வீட்டில வச்சு நல்லாப் பாருங்கோ" என்றுதான் அந்த இளம் டொக்டர் சொன்னார். அவருடைய மூக்குக்கண்ணாடி சுவரில் பட்டு நொறுங்கியது. காவலாளிகள் லாபிரைத் தரையோடு அமுக்கி மிதித்தார்கள். சுபைதா இரண்டு கையையும் ஏந்தி மன்றாடினாள். டொக்டர் பொலிசுக்குப் போகவில்லை. அடுத்த கிளினிக்கில், கன்னத்து வீக்கம் வற்றாமலே, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு குளிசை இருக்கு. தொழுநோய்க்காரருக்குக் குடுக்கிறது. உங்கட வருத்தத்துக்கு இதை இங்க குடுக்கிற வழக்கம் இல்லை. வேற இடங்களில சிலருக்குக் கேட்டிருக்கு. கேட்காமலும் போகலாம். கெடுதலும் செய்யலாம். மேல கதைச்சு அனுமதி எடுத்திருக்கிறன். உங்களுக்கு விருப்பமோ?"

சுபைதா கையை நீட்டினாள்.

"தாங்க மகன். ஆனா என்ட தம்பிக்கிட்ட மட்டும் இதைச் சொல்லிப்போடாதீங்க."

குளிசை கேட்டது. படுக்கையோடு கிடந்தவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். பிறகு குசினி வரை நடந்தாள். மகள் பஸ்மியா மாக் குழைக்க, அவள் மறுபடி இடியப்பம் பிழிந்தாள். அதைச் சுமந்துகொண்டு லாபிர் இறங்குதுறைக்குப் போனபோது பெருநாள் பிறை கண்டவனைப் போல நடந்தான்.

மீன் முதலாளி ஸஹாப்தீன் அந்தப் பார்சலை அவன் காலடியில் எறிந்தான்.

"உன்ட ராத்தா ஆஸ்பத்திரியில எந்த வரிசையில நிண்டவ எண்டு என்ட கண்ணால கண்டனான்டா. குஷ்டக்கையால பிழிஞ்சதையா எங்களுக்குத் தின்னத் தாறாய்? மாந்தீவுக்கு அனுப்பு அவளை!"

மட்டக்களப்பு வாவிக்குள் தொழுநோயாளரைக் கொண்டுபோய் விட்ட தீவு அது. ஊரே சிரித்தது. லாபிர் துடுப்பைத் தூக்கினான். அது இறங்கியபோது ஸஹாப்தீனின் பற்கள் மீன் செதில்களோடு நிலத்தில் கிடந்தன.

அதே வெறியோடு வீட்டுக்கு ஓடிவந்தவன் அலுமாரியை இழுத்துக் கொட்டினான். குளிசைகள் இருந்த கடதாசி உறை அகப்பட்டது.

"என்னட்ட அடி வாங்கின கோபத்தில அந்த டொக்டர் எங்கட குடும்பத்துக்குப் பழி வச்சிட்டான்!"

சுபைதா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "தம்பி, அது என்ட உயிர்ரா!"

அவன் உதறினான். அவள் அலுமாரியில் மோதி விழுந்தாள். அவன் ஜன்னலால் எறிந்த உறை வீட்டோரக் களப்புத் தண்ணீரில் போய் விழுந்தது.

அவன் திரும்புவதற்குள் கல் வந்தது. ஸஹாப்தீனின் ஆட்கள்! முதற்கல் கூரை ஓடொன்றை உடைத்தது. அடுத்தது பஸ்மியாவின் நெற்றியைப் பிளந்தது. குசினிக்குள் புகுந்தவர்கள் இடியப்பத் தட்டுகளை மிதித்து நொறுக்கினார்கள். லாபிர் மீன் வெட்டும் கத்தியோடு பாய்ந்தான். ஒருவனுடைய தோள் கிழிந்து இரத்தம் சுவரில் தெறித்தது. இன்னும் ஒரு வீச்சு என்றால் அந்த வாசலில் மையத்து விழுந்திருக்கும்.

"நில்லுங்கடா!"

சுபைதா தவழ்ந்து வாசலுக்கு வந்திருந்தாள். உதட்டிலிருந்து இரத்தம் வடிந்தது.

"எனக்குக் குஷ்டம் எண்டா ரெண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருப்பன். அதுக்கு மருந்து இருக்கு, குடிச்சா சுகம் வரும். எனக்கு வந்திருக்கிறது கேன்சர். எனக்கெண்டு மருந்தில்லாமத்தான் அடுத்தவன்ட மருந்தை இரந்து குடிச்சனான். அதையும் இவன் களப்பில எறிஞ்சிட்டான். எறியுங்க, உங்கட கல்லுக்கும் ஒரு வேலை வேணுமே!"

யாரும் எறியவில்லை. காயம்பட்டவனை இழுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். லாபிர் கத்தியைப் போட்டுவிட்டு உடுத்த சாரத்தோடு களப்பில் குதித்தான். சேற்றைக் கிளறிக் கிளறித் தேடினான். கடைசியில் அவன் கையில் வந்தது வெறும் கடதாசிக் கூழ்.

குளிசை நின்றதும் வலி திரும்பி வந்தது. கடித்துக் கடித்து அவள் தலையணை கிழிந்தது. எழும்பவே ஏலாது. லாபிர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனான். டொக்டரின் முன்னால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அடிங்க டொக்டர். உங்கட ஆசை தீர அடிச்சிட்டு மருந்தைத் தாங்க."

"அடிக்கிறதுக்கு எனக்கு நேரம் இல்லை" என்றபடி அவர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார். "போய் அந்த வரிசையில நில்லுங்கோ."

அந்த வரிசை! தெரிந்த முகங்கள் கடந்து போயின. சில முகங்கள் மூக்கைப் பொத்தின. வாங்குப் பலகையில் இருந்த ஒரு மனிதர், விரல்கள் குறுகிய கையால் பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"இதில இருங்க தம்பி. புதுசா வாறவங்களுக்குக் கால் நடுங்கும்தான்."

லாபிர் அவரை ஒட்டி உட்கார்ந்தான்.

வெளிவாசலில் ஸஹாப்தீனின் தம்பிமார் காத்திருந்தார்கள். முதல் குத்திலேயே புருவம் கிழிந்தது. லாபிரின் கை, பழக்கத்தால், ஓங்கியது. அந்தக் கையில் உறை இருந்தது. அதை நெஞ்சுக்குள் வைத்துச் சுருண்டு விழுந்தான். முதுகில், விலாவில், காதில் உதை விழுந்தது. அவன் முஷ்டி திறக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தவனைச் சுபைதா ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரை அடிச்சிட்டு வாறாய்?"

"ஒருத்தரையும் அடிக்கல்ல ராத்தா."

"பொய் சொல்லாத. கையைக் காட்டு."

காட்டினான். முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளங்கையில் இரத்தம் ஊறிய உறை. அவள் ஒரு குளிசையை எடுத்து விழுங்கினாள். இன்னும் எத்தனை நாள் என்று டொக்டரும் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை.

"பஸ்மியா, எண்ணெயைக் கொண்டு வா" என்றாள். "இண்டைக்குக் கைக்கில்ல. இவன்ட மூஞ்சிக்கு."