வெடித்த காய் ஒட்டிய இசைத்தட்டு

என் பெயர் வேலாயுதம். போடிநாயக்கனூரில் வழக்குரைஞராகத் தொழில் செய்கிறேன். ஏலக்காய் வியாபாரி சவரிமுத்து அவர்களைக் கடையிலும் கோயிலிலும் மலைப்பாதையிலும் பழகி அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் தம் மனைவிக்கு ஒரு ரெக்கார்டு பிளேயரைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்வது மட்டுமே என் நோக்கம். அவருடைய வியாபார நேர்மையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். இதைப் பற்றிச் சொல்ல, அன்று உடனிருந்த நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

என் அலுவலகம் அவருடைய கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே கடைக் கதவு திறக்கும் ஓசை கேட்டபின் கோர்ட்டுக்குப் புறப்படுவது என் வழக்கம். இந்த ஆண்டு மழை ஓய்ந்த பின் ஒருநாள் காலை அந்த ஓசை வரவில்லை. அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவருடைய ஜீப்பை ஓட்டும் பாண்டி படியேறி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

“என்ன பாண்டி?”

“மொதலாளி எந்திரிக்கல ஐயா. அம்மா எழுப்பிப் பாத்திருக்காங்க. ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சாம். உங்களைத்தான் வெரசாக் கூட்டியாரச் சொன்னாங்க.”

நான் அங்கியை மறுபடியும் ஆணியில் மாட்டினேன். பாண்டியுடன் ஜீப்பில் மலையேறினேன்.

சவரிமுத்துவுக்கும் எனக்கும் இருந்த நட்பு இசைத்தட்டுகளால் வளர்ந்தது. என் அலுவலகத்தின் உள்ளறையில் நல்ல ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருக்கிறது. தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும், துடைத்த பிறகே சுழலவிட வேண்டும், ஊசியை என்னைத் தவிர எவரும் தொடக் கூடாது என்று அதன் மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். மாலையில் கடையைச் சாத்திவிட்டு, ஏலக்காய் மணம் மாறாத சட்டையுடன் சவரிமுத்து மேலே வருவார். அந்தத் தாளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பவர்போல் வாசிப்பார்.

“நான் பாட்டுக் கேக்க வந்திருக்கேனா, பரீட்சை எழுத வந்திருக்கேனா வக்கீலே?”

“விதி இல்லையென்றால் தட்டு இருக்காது, சவரிமுத்து.”

“சரி, சரி. நீங்களே போடுங்க. நான் கையைக் கட்டிக்கிறேன்.” உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். சில பாட்டுகளுக்குக் கண் கலங்குவார். அப்போதும் கட்டிய கையை எடுக்க மாட்டார்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், ரெக்கார்டு பிளேயர் வாங்க மதுரைக்குத் துணை வரும்படி அழைத்தார். தேனியைத் தாண்டும்வரை பஸ்சில் ஏலக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“லூர்துக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது வக்கீலே. வைத்தியர் இனிமே திரும்பாதுன்னுட்டார். வெளிய சொல்லிராதீங்க, அவளுக்குப் பிடிக்காது.”

அவருடைய மனைவி லூர்தம்மாள் மலைத்தோட்டத்து வீட்டில் இருப்பவர். சவரிமுத்து வியாபாரத்துக்காகக் கீழே இறங்கிவிட்டால், அவர் வரும்வரை அம்மையாருக்கு மழையும் மூடுபனியும்தான் துணை. வீட்டில் ரேடியோ இருக்கிறதே என்றேன்.

“ரேடியோ அது நெனச்சதைப் பாடும். இவ நெனச்சதைப் பாடுமா? ஒருத்தர் கையையும் எதிர்பாக்காம அவளே போட்டு அவளே நிப்பாட்டணும். அப்பிடி ஒரு பெட்டி வேணும்.”

மதுரைக் கடையில் அவர் செய்ததை அந்தக் கடைக்காரர் இன்றும் மறந்திருக்க மாட்டார். பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் தடவி, தட்டைப் போட முயன்றார். கடைப் பையன் பதறிப்போய், “ஐயா, தலை சுத்துதா? சோடா சொல்லட்டா?” என்றான்.

“சும்மா இருப்பா. சோலியா இருக்கேன்.”

முதல் பெட்டியில் ஊசி தட்டைத் தவறவிட்டு அடியிலிருந்த ரப்பர் விரிப்பில் விழுந்து கிறீச்சிட்டது. இரண்டாவதில் எல்லாத் திருகுகளும் ஒரே அளவு. ஒலியைக் கூட்டுவதாக எண்ணி வேகத்தைக் குறைத்துவிட்டார். பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் தடித்து இழுபட்டது. “பாட்டுக்காரிக்குத் தாடி மொளைச்சிருச்சு வக்கீலே!” என்று கண்ணைத் திறக்காமலே சிரித்தார். மூலையிலிருந்த மூன்றாவது பெட்டியில் தொல்லை குறைவு. மூடியே ஒலிபெருக்கி. ஒரு விசையைத் தள்ளினால் ஊசிக்கை தானே எழுந்து தட்டின் விளிம்பில் இறங்கியது. பாட்டு முடிந்ததும் தானே திரும்பிப் படுத்துக்கொண்டது. மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும். அதைக் கண் மூடியபடியே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

நான் மறுத்தேன். அதன் ஊசி கனமாக அழுத்துகிறது, தட்டுகள் விரைவில் தேய்ந்துவிடும், ஒலியிலும் துல்லியம் போதாது என்று காரணங்களை வரிசையாகச் சொன்னேன். அவை அனைத்தும் சரியானவையே.

“தேயட்டுமே வக்கீலே. கேக்காமத் தேயாமக் கெடக்குற தட்டை வச்சு நான் என்ன செய்ய?”

கடைசியாக, ஊசி மாற்றும் முறையைக் காட்டச் சொன்னார். அதையும் கண் மூடிச் செய்து பார்த்தார். ஊசி கையிலிருந்து நழுவித் தரையில் விழ, அவரும் நானும் கடைப் பையனும் முழங்காலிட்டுத் தேடினோம். எழுந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

“இது ஒண்ணு மட்டும் அவளால முடியாது.” சற்று நின்று, “சரி, அதுக்கு நான் இருக்கேன்ல” என்றார்.

பெட்டி மலைக்குப் போனது. சில வாரங்கள் கழித்து நான் போனபோது லூர்தம்மாள் தாமே எனக்குப் பாட்டுப் போட்டார். தட்டுகளை எப்படி அடையாளம் காண்கிறார் என்று வியந்தேன். ஏலக்காயை விரலாலேயே தரம் பிரித்துப் பழகியவர் அவர். அதை நம்பி, ஒவ்வொரு தட்டின் உறையிலும் ஒரு காயை ஒட்டியிருந்தார் சவரிமுத்து. பெரிய காய் ஒட்டியது கோயில் பாட்டு. பொடிக்காய் தாலாட்டு. ஓர் உறையில் வெறும் தோல்தான் இருந்தது.

“அது நகைச்சுவை நாடகம் அண்ணே,” என்றார் லூர்தம்மாள். “உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லையாம், அதான் தோலு. இவருக்கு ரொம்பத்தான் கொழுப்பு.”

அடுத்த பெருமழையில் உறைகளெல்லாம் பூசணம் பூத்தன. நம் மலையில் ஈரமான எதையும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத்தான் கொண்டுபோவோம். கம்பளி, குடை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அங்கேதான் காயும். சவரிமுத்துவும் தட்டுகளை ஏலக்காய்ச் சல்லடைமேல் பரப்பி, கணப்பை மூட்டிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் ஒரு சாக்கோடு என் படியேறினார். உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அப்பளமா வந்துருச்சு வக்கீலே.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லூர்தம்மாளுக்கு அப்போது ஓரளவே பார்வை மிஞ்சியிருந்தது. தாம் மனைவிக்குத் தந்ததைத் தாமே கெடுத்துவிட்டதாகச் சொல்லி, சாக்கை மடிமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். என் அலமாரியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விளிம்பில் மட்டுமே பிடித்துச் சிலவற்றை எடுத்துக்கொண்டார்.

வளைந்தவற்றுள் ஒன்று மட்டும் இன்னும் பாடியது. ஊசி அதன்மேல் ஏறி ஏறி இறங்கும். பாட்டும் கூடவே அசையும். அதைத் தூக்கியெறியப் போனவரை லூர்தம்மாள் தடுத்துவிட்டார். “இருக்கட்டும். ஜீப்புல மலையேறிக்கிட்டே பாடுற மாதிரி இருக்கு. நீங்க வர்ற நாள்ல அதைப் போட்டுக்குவேன்.” அதன் உறையில் சவரிமுத்து புதிய காய் ஒன்றை ஒட்டினார். சூடு அதிகமாகி வாய் பிளந்த, வெடித்த காய். அன்றுமுதல் அவர் மலையேறும் மாலைகளில், வளைவு திரும்பும்போதே அந்த அசையும் பாட்டு வீட்டிலிருந்து கேட்கும் என்று பாண்டி சொல்லுவான்.

மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை அவர் ஊசியை மாற்றிவிடுவார். அந்த வேலையை அவர் எவரிடமும் விட்டதில்லை. இந்த ஆண்டு மழை முடிந்துவிட்டது. மாற்றுவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, தோட்டத்து வீட்டில் உறவினரும் நானும் கூடியிருந்தோம். லூர்தம்மாளுக்கு இப்போது சிறிதும் பார்வையில்லை. தேவாரம் ஊரில் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி அந்தோணி, பெட்டியைத் தூக்கிப் பரணில் வைக்கப் போனார்.

“அங்கேயே வை அந்தோணி.”

“ஒரு வருசத்துக்கு வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாதுக்கா. ஊரு என்ன பேசும்? அப்புறம் நானே ஒரு டேப்பு வாங்கித் தர்றேன். இப்ப யாரு இந்தத் தட்டைப் போடுறா?”

“டேப்புல எந்தப் பாட்டு எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியாதுடா.” பிறகு நான் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினார். “வக்கீலண்ணே, நீங்க எல்லாத்துக்கும் விதி சொல்லுவீங்கன்னு அவர் சொல்லுவார். சொல்லுங்க. நான் ஒரு வருசம் கேக்காம இருக்கணுமா?”

அறையிலிருந்த அனைவரும் என்னைப் பார்த்தார்கள். விதிகளை மதித்தே வாழ்ந்தவன் நான். துக்க வீட்டின் வழக்கத்தையும் மதிக்கிறேன். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடையில் நின்ற மனிதர் என் முன் நின்றார்.

“இந்தப் பெட்டி உங்களுக்காக வாங்கியது, லூர்தம்மா. போடுவதா வேண்டாமா என்று சொல்ல உங்களைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. வாங்கியபோது உடனிருந்தவன் நான்.”

அந்தோணி பெட்டியைக் கீழே வைத்தார். லூர்தம்மாள் உறைகளைத் தடவிக்கொண்டே போனார். வெடித்த காயில் விரல் நின்றது. தட்டைப் போட்டார், விசையைத் தள்ளினார். ஊசிக்கை எழுந்து இறங்கியது. பாட்டு அசைந்து அசைந்து வந்தது. ஆனால் கரகரப்பே மிகுந்து, சொற்கள் அதனுள் அமிழ்ந்துபோயின. அவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பி, ஜீப்பின் ஓசைக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். தட்டு முடிந்து கை திரும்பியதும், “ஊசி தேஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அழுதார். அதுவரை அவர் அழுததை எவரும் பார்க்கவில்லை.

புறப்படும்போது ஒரு சிறு தகர டப்பாவை என் கையில் கொடுத்தார். மாதிரிக் காய் வைக்க வியாபாரிகள் சட்டைப் பையில் வைத்திருப்பார்களே, அது. திறந்தால் ஏலக்காய் மணம். உள்ளே பஞ்சில் பொதிந்த ஊசிகள். சவரிமுத்து வாங்கிச் சேர்த்தவை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த டப்பாவும், ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவராகத் தம்மையே ஆக்கிப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பழக்கமும்தான்.

இதை எழுதுமுன் என் உள்ளறைக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை. அதற்குக் கண்ணுள்ள ஒருவர் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை பாண்டியின் ஜீப்பில் மலையேறுகிறேன். தேய்ந்த ஊசியைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவேன். இனி மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும், எனக்குப் பார்வை இருக்கும்வரை, அதை நானே செய்வேன்.