கால்டன்பாக்கின் தங்க பேட்ஜ்

டார்ட்மண்ட் நகரத்தில் டிராம் வண்டிகளுக்கு பிரேக் பழுது பார்ப்பதுதான் ஹார்ட்விக்குக்கு வேலை. ஆனால் யாராவது அவரைப் பற்றி விசாரித்தால், "வருஷம் தவறாம கால்டன்பாக் போறவன்" என்றுதான் சொல்லிக்கொள்வார். டிரோல் மலைக்குள் இருக்கும் அந்தக் குட்டி ஊருக்கு ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை அவர் கார் கிளம்பியே தீரும். மனைவி ரோஸ்விதாவின் அம்மா சாகக் கிடந்த வருஷமும் கிளம்பியது. பதினொரு வயதில் மகன் டோர்ஸ்டன் அங்கே குடல்வால் வலியில் சுருண்டு கிடந்தபோது, "மலைக்காத்து பட்டா சரியாயிடும்" என்று மூன்று நாள் ஓட்டினார் மனுஷன். பையன் பிழைத்தது டாக்டர் புண்ணியம். மற்றபடி ஹார்ட்விக் நல்லவர்தான், வருஷக் கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் ஈவிரக்கம் கிடையாது.

கணக்கு எதற்கென்றால், திரும்பத் திரும்ப வரும் விருந்தினர்களை அந்த ஊரில் மேடையேற்றி, பேண்ட் வாசித்து, சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள். பத்து வருஷத்துக்கு வெண்கலம், பதினைந்துக்கு வெள்ளி, இருபத்தைந்துக்குத் தங்கம். சின்னது இரண்டையும் ஹார்ட்விக் வேண்டாமென்று விட்டார். "வாங்கினா தங்கம்தான்!"

அதையும் குடும்பத்தோடு நின்று வாங்க வேண்டும். பிள்ளைகளோ பதினெட்டு முடிந்ததும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது அவர்களுக்கு வயது முப்பதைத் தொட்டாகிவிட்டது. இருபத்தைந்தாவது வருஷம் வந்ததும் போனில் கெஞ்சினார், ஒருநாள் அழுதும் பார்த்தார். "வர்றோம்ப்பா. ஆனா இதுதான் கடைசி, இனிமே கூப்பிடவே கூடாது" என்றாள் மகள் ஆங்கே. அது போதும் என்றார்.

விழா நாளில் அவர் புதுச் சட்டையோடு மேடையோரம் நிற்க, சுற்றுலா அலுவலகத்துப் பெண் காகிதக் கட்டோடு வந்தாள்.

"சார், பத்தொன்பது வருஷம்தான் வருது. மூணாவது வருஷத்துலேர்ந்து எட்டாவது வருஷம் வரைக்கும் விடுதிப் பதிவுச் சீட்டே இல்ல. இன்னும் ஆறு வருஷம் வந்தீங்கன்னா கண்டிப்பா தங்கம்."

ஹார்ட்விக்குக்குக் காரணம் தெரியும். அந்த ஆறு வருஷமும் விடுதிக்காரி நோட்புர்கா சீட்டே எழுதவில்லை. எழுதினால் விருந்தினர் வரி, எழுதாவிட்டால் இரண்டு பேருக்கும் லாபம் என்று கண்ணடித்தாள். இவரும் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினார். இன்னும் ஆறு வருஷம் இவர் வருவார், பிள்ளைகள் வருவார்களா? மானம் போனாலும் பரவாயில்லை என்று கத்திவிட்டார்.

"வந்தேம்மா! வரி கட்டாம தங்கினேன்! இதோ, முன்வரிசையில உட்கார்ந்திருக்காளே, அவகிட்டயே கேளு!"

நோட்புர்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "என்ன சார், அபாண்டமா பேசறீங்க? அந்த ஆறு வருஷமும் நீங்க வரவே இல்லையே. உங்க பிள்ளைங்களையே கேளுங்க!"

சரியாக மாட்டினாள் என்று ஹார்ட்விக்கின் முகம் மலர்ந்தது. "டோர்ஸ்டன், சொல்லுடா! உனக்குக் குடல்வால் வந்ததே இங்கதானே!"

மண்டபமே டோர்ஸ்டனைப் பார்த்தது. அவன் பீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "குடல்வாலா? யாருக்குப்பா?"

ஹார்ட்விக் மகள் பக்கம் திரும்பினார். ஆங்கே அவரைப் பார்க்கவே இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்கு இப்பல்லாம் கொஞ்சம் மறதி" என்றாள் அலுவலகத்துப் பெண்ணிடம். அந்தப் பெண்ணும் பரிதாபப்பட்டு அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. மனைவியின் மேஜை வரைக்கும் நடந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரோஸ்விதா, நீயாவது சொல்லேன்."

ரோஸ்விதா கேக்கை மென்று முடித்தாள். கையை விடுவித்துக்கொண்டு வாயைத் துடைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு கனிவாக இருந்து அவர் கேட்டதே இல்லை.

"அந்த ஆறு வருஷமும் நாம வீட்டுலதானே இருந்தோம், ஹார்ட்விக். எவ்வளவு சந்தோஷமா இருந்தோம், மறந்துட்டியா?"