கும்மிடிப்பூண்டியில் ஒரு சிவப்புக் கோடு

காலை எட்டேகாலுக்குத் திருவொற்றியூரில் மின்ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்குப் பத்து ரூபாய். தேடிப் போனது ஒரு குளியல் மக். அப்பாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடமாகிறது. நான் முன்பு வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த, வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடிய மக்கை மட்டும் தன்னுடையது என்று அறிவார். அது உடைந்துவிட்டது. நான்கு நாளாகக் குளிக்க மறுக்கிறார்.

கடையில் அது கிடைக்காது. சிவப்பு ஓட்டிய மிஷினில் வெள்ளை போட்டால் முதல் சில உருப்படிகள் கோடுகோடாக விழும். கழிவென்று அரைத்து மறுபடி உருக்கிவிடுவார்கள்.

ஒன்பதரைக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"ஒரு மக் வாங்கவா இம்மாந்தூரம் வந்துக்கினு கீறே?" என்று டிரைவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

முன்னே மூட்டை லாரி. சாக்கும் பாலிப்ரொப்பிலீன், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குருணையும் அதுவே. பெயின்ட் வாளி, பேட்டரிப் பெட்டி, சிரிஞ்சு, சோற்று டப்பா எல்லாம் அந்தக் குருணை போடும் வேஷம்தான். பத்து வருடம் என் கையால் மிஷினில் கொட்டியது. உருகும் வாசனை வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

என்னோடு ஒரே மிஷினில் நின்ற ஸ்டெல்லாவிடம் போனில் சொல்லியிருந்தேன்; கேட்டில் காத்திருந்தாள். "பதினோரு மணிக்குக் கலர் மாத்துறாங்க, வா."

ஏழாவது மக்கில் கைப்பிடியிலிருந்து அடிவரை சிவப்பு ஓடியது. எடுத்தேன். சூப்பர்வைசர் தடுத்தார். "ரிஜெக்ட் வெளிய போவக்கூடாதுக்கா. நல்லதா ரெண்டு எடுத்துக்கினு போங்க."

நல்லது எனக்கு எதற்கு?

ஸ்டெல்லா மக்கை வாங்கி, தன் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி ஒரு வாய் குடித்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் குடித்தேன்.

"டீ பட்டுட்ச்சு சார். இத்த அரைச்சா மாலு கெட்டுடும்."

"அப்ப குப்பைக்குத்தான் போவணும்," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"போற வழில இவ போட்டுடுவா."

அந்த நாட்களில் ஷிப்ட் முடிந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன். இன்று கேட்டைத் தாண்டக் கால் வரவில்லை.

மூன்று மணிக்கு வீடு. மக்கை அப்பாவின் கையில் வைத்தேன். பழையதில் கோடு நேராக இருந்தது, இதில் சாய்ந்திருந்தது. அவர் கட்டைவிரலால் கோட்டை நெடுநேரம் தடவினார்.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஷிப்டு முட்ஞ்சிட்ச்சா கண்ணு?"

"முட்ஞ்சிட்ச்சு நைனா," என்று சொல்லி வெந்நீர் விளாவினேன். முதல் மக் தண்ணீரை அவரே தலையில் ஊற்றிக்கொண்டார்.